வணிகர் ஏறிய துலாக்கோல்

திருச்சிற்றம்பலம்

திருக்கோயிற் குடமுழுக்கு மலர்களில் மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றன் சிறப்பும் அடியார் வரலாறும் எழுதப்பெறுதல் மரபு. கணியம்பாடியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் அன்பர்களுட் பெரும்பாலோர் உழவோ, கடையோ, கைத்தொழிலோ, ஆலைப்பணியோ செய்து பொருளீட்டுவோர். அப்பொருளின் ஒரு பகுதியே இன்று கோபுரத்தில் கலசமாகவும் திருச்சுற்றில் தளவரிசையாகவும் விளங்குகின்றது. ஆதலின், பொருளீட்டும் வாழ்க்கைக்கும் திருக்கோயிலுக்கும் உள்ள பழைய தொடர்பொன்றை வரலாற்று வழியே ஆராய்தல் இம்மலருக்குப் பொருந்துமென எண்ணுகின்றேன்.

வணிகம் செய்பவருக்கும், ஒரு பணியில் அமர்ந்து உயர விரும்புபவருக்கும் இரண்டு பேறுகள் வேண்டும். ஒன்று, தம்மைப் பலரும் அறிதல். மற்றொன்று, அறிந்தவர் தம்மை நம்புதல். முன்னதைப் பெயர் என்போம். பின்னதை நாணயம் என்போம். கையில் புரளும் காசுக்கும் சொல் தவறாமைக்கும் நாணயம் என்னும் ஒரே சொல்லைத் தமிழ் மக்கள் வழங்கி வருதல் எண்ணத்தக்கது. பெயரைப் பெறும் வழிகள் இக்காலத்தில் மிகப் பல. வீதிதோறும் நாட்டிய பலகைகளும், செய்தித்தாள் விளம்பரங்களும், ஒவ்வொருவர் கையிலும் உள்ள கைப்பேசியும் ஒரே நாளில் ஒருவரை ஊரறியச் செய்யவல்லன. இங்ஙனம் பெயர் எளிதிற் கிடைத்தலின், அதனை முதலில் தேடிக்கொண்டால் நாணயம் பின்னர்த் தானே வந்து சேருமென இளைஞர் பலர் கருதுகின்றனர். இக்கருத்துப் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப் புகுவது.

இவ்வினாவுக்கு விடை தரும் அடியார் வரலாறு ஒன்று பெரியபுராணத்தில் உண்டு. சோழநாட்டுப் பழையாறையில் வாழ்ந்த அமர்நீதி நாயனார் வணிக குலத்தவர். பொன்னும் மணியும் பட்டும் பிற நாட்டுத் துகில்களும் விற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டியவர். சிவனடியார்க்கு அமுதளித்து, உடையும் கீளும் கோவணமும் வழங்குதலைத் தொண்டாகக் கொண்டவர். திருநல்லூரில் மடம் அமைத்துச் சுற்றத்துடன் தங்கி இத்தொண்டினை இயற்றி வந்தார். அவர்தம் கொடைச்சிறப்பு நாடெங்கும் பரவியது. அந்நாளில் இறைவன் பிரமசாரி வடிவிற் போந்து, தம் தண்டிற் கட்டியிருந்த இரண்டு கோவணங்களுள் ஒன்றை நாயனாரிடம் பாதுகாக்குமாறு கொடுத்து நீராடச் சென்றனர். மீண்டு வந்து கேட்டபோது வைத்த இடத்தில் அதனைக் காணவில்லை. நாயனார் நடுங்கிப் புதிய கோவணங்களைக் கொணர்ந்து வேண்டியும் வந்தவர் ஏற்றிலர்.

அப்பொழுது அப்பிரமசாரியார் உரைத்ததாகச் சேக்கிழார் பெருமான் அமைத்துள்ள சினமொழியின் கருத்தை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். நல்ல கோவணம் கொடுப்பவர் என்று நாள்தோறும் உலகறியச் சொல்வித்தது என்னுடையதைக் கவர்ந்துகொள்ளவோ, நீர் செய்யும் வாணிகம் நன்றாயிருக்கின்றது என்பது அதன் கருத்து. பெயர் பரவிய ஒருவரிடம் நம்பி வைத்த சிறுபொருள் காணாமற் போயின், பரவிய அப்பெயரே அவர்மேற் குற்றச்சாட்டாகத் திரும்பும் என்பதை இதனினும் தெளிவாகக் கூறுதல் அரிது. பெயரில்லாதவரிடத்து அப்பொருள் தொலைந்திருப்பின், அது தவறு என்ற அளவில் முடிந்திருக்கும்.

பின்னர் நிகழ்ந்ததை அன்பர் யாவரும் அறிவர். தண்டிலிருந்த மற்றொரு கோவணத்துக்கு எடையொத்த கோவணம் தரப் பணித்தனர் வந்தவர். துலாக்கோல் நாட்டப்பட்டது. நாயனார் இட்ட கோவணங்களும், துகில்களும், பொன்னும், வெள்ளியும் ஒரு கோவணத்துக்கு ஈடாகவில்லை. முடிவில், மனைவியாருடனும் மைந்தருடனும் தாமே தட்டில் ஏறினார், துலை நேர்நின்றது. இதில் வணிகர் கருதவேண்டுவன இரண்டு. நிறைக்கும் அளவாக நின்றது வாங்க வந்தவரின் பொருள். விற்றவர் தமக்கு வேண்டியவாறு அமைத்த படிக்கல் அன்று. பொருளால் நிறைவுபெறாத தட்டு, பொருளுடையவர் தாமே ஏறிய பின்னரே நிறைந்தது. தம்மைப் பிறர் கைத் துலாக்கோலில் நிறுத்துக் காட்ட உடன்படுதலே நாணயத்தின் இலக்கணம் என்பது இவ்வரலாறு தரும் பாடமாகும்.

அடியார் வரலாறு கூறும் இவ்வுண்மையைச் சோழர் காலத்துத் திருக்கோயில் ஆட்சி நடைமுறையிற் கொண்டுவந்தது. 1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுகளில் பொன்னை நிறுத்த கல்லுக்கும், நெல்லையும் நெய்யையும் அளந்த அளவைக்கும் ஆடவல்லான் என்னும் இறைவன் திருப்பெயரே வழங்குகின்றது. அளவைக்கு ஆண்டவன் பெயரிட்டது அணிக்காக மட்டும் அன்று. கொடுப்பவர், கொள்பவர் ஆகிய இருவர் கையிலும் இல்லாத பொது அளவை அது என்பதே அதன் பொருள். இராசராசன் கொடுத்த அணிகலன்களின் எடையைப் பொறிக்கும்போது, முத்துக் கோத்த சரடும், உள்ளீடான சட்டமும், அரக்கும் அவ்வெடையில் அடங்கியுள்ளன என்பதும் கூடவே பொறிக்கப்பட்டது. மாமன்னன் தந்த கொடையே ஆயினும் நூலின் எடையைப் பொன்னெடையாகக் காட்டுதல் கூடாது என்னும் நேர்மை அக்கல்லில் இன்றும் நிற்கின்றது.

அக்காலத்து விளக்கறமும் இவ்வாறே. ஒரு நந்தா விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகளை இடையர் பொறுப்பில் விடுவர். அவர் நாள்தோறும் ஆடவல்லானால் ஓர் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். ஆடுகள் மூப்படையும், இறக்கும், குட்டிபோடும். ஆயினும் கணக்கில் தொண்ணூற்றாறு குறைதல் ஆகாது. இது பற்றியே அவை சாவா மூவாப் பேராடுகள் எனப்பட்டன. ஆட்டுக்கு மூப்பும் சாக்காடும் உண்டு. பொறுப்பேற்ற சொல்லுக்கு அவை இல்லை. முதலை அழியாமற் காத்து அதன் பயனை மட்டும் செலவிடும் இம்முறை, நம் நாட்டு எளிய குடிமக்கள் கைக்கொண்ட நாணய முறையாகும். விளக்கு எரிகின்றதா என்பதைக் கோயிலுக்கு வரும் எவரும் கண்ணாற் காணலாம். நாணயம் உலகறிய விளங்குதல் என்பது இதுவே.

இனி, கடல் கடந்து சென்ற வணிகரின் நிலையைக் காண்போம். உள்ளூரில் ஒருவர் நல்லவர் என்பதற்குத் தாய் தந்தையர், குலம், அண்டைவீட்டார் எனச் சான்று பல உண்டு. மொழியும் முகமும் அறியாத வேற்று நாட்டுத் துறைமுகத்தில் ஒருவரை நம்புவது எங்ஙனம்? கன்னட நாட்டு ஐகோளையைத் தாயகமாகக் கொண்ட திசையாயிரத்து ஐஞ்ஞூற்றுவர் என்னும் வணிகப் பெருங்குழுவினர் இதற்கு விடை கண்டனர். தனி ஒருவராய் நில்லாது குழுவாய்க் கூடி வணிகம் செய்தனர். சுமத்திராத் தீவின் பாரூசுப் பகுதியில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இவர்களுடையது. கப்பல் தலைவரும் உடன் வந்தோரும் கத்தூரி விலையை அளவாகக் கொண்டு கணித்த பொன்னைச் செலுத்திய பின்னரே உள்ளே கால்வைத்தல் வேண்டும் என்பது அக்கல்வெட்டின் கருத்தென அறிஞர் உரைப்பர். யார் எவ்வளவு தரவேண்டும் என்பதை மறைவிற் பேசி முடிக்காது, கல்லில் எழுதி நாட்டிய பண்பே ஈண்டுக் குறிக்கத்தக்கது.

பாண்டிநாட்டுப் பிரான்மலையில் உள்ள பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, வணிகர் பலவூரினின்றும் கூடித் தாம் விற்கும் உப்பு, நெல், மிளகு, பாக்கு முதலிய ஒவ்வொரு பண்டத்தின் பொதிக்கும் இவ்வளவு எனக் கோயிலுக்குத் தர உடன்பட்டதைக் கூறும். பட்டணப்பகுடி என்றும், பிற்காலத்தில் மகமை என்றும் வழங்கியது இவ்வகைக் கொடையே. இதனைப் பத்திமை என்று மட்டும் கொண்டு அமைதல் போதாது. பொதிக்கு இவ்வளவு எனத் தர உடன்பட்டவர், தம்மிடம் எத்தனை பொதி உண்டு என்பதை மறைக்க இயலாது. கொடை தருபவர் கணக்கும் காட்டுகின்றார். கோயிலுக்குத் தந்த சிறுதொகை, அவர்தம் சரக்கையும் அளவையும் ஊரறிய வைத்தது. சீனநாட்டுச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுச் சித்திரைத் திங்களில் சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவபெருமானை எழுந்தருளுவித்த செய்தியைத் தமிழ்க் கல்வெட்டொன்று கூறுகின்றது. நாணயம் முன்சென்ற இடங்களில் பெயரும் பின்தொடர்ந்தது. பெயர் நிலைத்த இடங்களில் திருக்கோயிலும் எழுந்தது.

நம் வட்டாரத்துக்கு வருவோம். வேலூரை அடுத்துப் பாலாற்றங்கரையில் உள்ள விரிஞ்சிபுரத்தில் எழுந்தருளிய பெருமானுக்கு மார்க்கபந்து என்றும் வழித்துணைநாதர் என்றும் திருப்பெயர். மிளகு மூட்டைகளுடன் சென்ற வணிகர் ஒருவர்க்குக் கள்வர் அச்சம் மிக்க வழியில் பெருமானே காவலராய் உடன் சென்றருளினார் எனத் தலவரலாறு கூறும். மலைநாட்டினின்று காஞ்சிக்கும் கடற்கரைக்கும் சரக்குச் சென்ற இப்பெருவழியில் வணிகர்க்குப் பொருளினும் அரிதாக இருந்தது நம்பத்தக்க துணையே என்பதை இவ்வரலாறு காட்டும். அதே திருக்கோயிலில் பதினைந்தாம் நூற்றாண்டில், விசயநகர வேந்தர் இரண்டாம் தேவராயர் காலத்தில், படைவீட்டு இராச்சியத்து அந்தணர் பொறித்த உடன்படிக்கை ஒன்றும் உண்டு. பெண்ணுக்குப் பொன் வாங்குதலும் கொடுத்தலும் இல்லை, கன்னிகாதானமாகவே திருமணம் நிகழ்தல் வேண்டும், மீறினோர் அரச தண்டனைக்கும் சமூக விலக்குக்கும் உரியர் என்பது அதன் கருத்து. கன்னடர், தமிழர், தெலுங்கர், இலாடர் ஆகிய நால்வகை அந்தணரும் அதற்கு உடன்பட்டனர். சொன்ன சொல்லைச் சுவரில் எழுதி, எவரும் எடுத்துக் காட்டித் தம்மைக் கேட்க இடங்கொடுத்தனர் அவர்கள்.

இவ்வழியில் வந்த நம் நாட்டின் பிற்கால வணிகம் தோல் வணிகம். வேலூர், இராணிப்பேட்டை, மேல்விசாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் பெயரை உலகறியச் செய்தது அதுவே. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல், கிழக்கிந்தியத் தோல் என்னும் பெயரால் சென்னைத் துறைமுகத்தினின்று இலண்டன் சந்தைக்குச் சென்றது. முதல் உலகப்போர்க் காலத்தில் (1914–1918) பிரிட்டிஷ் படையினரின் காலணிகளுக்காக இத்தோல் பெருமளவில் வாங்கப்பட்டது. இவ்வணிகத்தை நடத்தியவருட் பெரும்பாலோர் இசுலாமியப் பெருமக்கள். ஊறற்குழியில் நின்று உழைத்தவருட் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட குடிமக்கள். அவ்விரு சாராரின் கைவண்ணமும் சேர்ந்ததே அத்தோலின் நற்பெயர். எடையால் விற்கும் பண்டத்தில் எடையைக் கூட்டும் ஆசை எழுதல் இயல்பு. அவ்வாசையை அடக்கியவர் அனுப்பிய சரக்கே கடல் கடந்தும் மீண்டும் மீண்டும் கேட்டு வாங்கப்பெற்றது. அத்தோல் இன்று புவிசார் குறியீடும் பெற்றுள்ளது.

1948ஆம் ஆண்டில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் சென்னையில் தோன்றியது. 1970களில் நடுவணரசு முழுதும் பதப்படாத தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திய பின்னர், நம் வட்டாரம் முற்றிய தோலும் காலணியும் செய்து அனுப்பலாயிற்று. 1989ஆம் ஆண்டில் செர்மனி நாடு ஒரு புதிய துலாக்கோலை நாட்டியது. பூஞ்சணம் பிடியாதிருக்கத் தோலில் இடும் பென்டாகுளோரோபீனால் என்னும் மருந்து ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருத்தல் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். ஐந்து மில்லிகிராம் கண்ணுக்குப் புலப்படாத அளவு. பழைய நட்பும் வாய்மொழியும் அங்குச் சான்றாகவில்லை. ஆய்வுக்கூடத்தின் அளவே சான்றாயிற்று. நம் தொழிலாளர் அம்மருந்தை நீக்கி வேறு மருந்து கண்டனர், சோதனைச் சான்றுடன் சரக்கை அனுப்பினர், வணிகம் பிழைத்தது. வாங்குபவர் கைத் துலாக்கோலில் ஏற உடன்பட்டமையே அதனைப் பிழைக்கச் செய்தது.

ஆயின், இவ்வரலாற்றில் வருந்தத்தக்க மற்றொரு பக்கமும் உண்டு. அதனை மறைத்து எழுதுதல் இக்கட்டுரையின் கருத்துக்கே மாறாகும். கடல் கடந்து வாங்குபவரின் அளவைக்கு அஞ்சிய தொழில், அண்டை வயலுக்கு உரியவரின் அளவைக்கு அஞ்சவில்லை. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் வேண்டும். பயன்பட்ட அந்நீர் உப்பும் குரோமியமும் கலந்து பாலாற்றிலும் வாய்க்கால்களிலும் விடப்பட்டது. கிணறுகள் கெட்டன, நெல்லும் தென்னையும் விளைந்த நிலங்கள் உவர்பட்டன. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு ஆகத்து 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் ஆலைகள் மிகுந்த பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஏக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்குத் தகுதியற்றுப் போயிற்று என்னும் கணக்கு அத்தீர்ப்பில் இடம்பெற்றது. மாசு செய்தவரே அதன் ஈட்டைத் தருதல் வேண்டும் என்னும் நெறி இந்திய நாட்டுச் சட்டத்தில் வேரூன்றியது இத்தீர்ப்பால். ஆலை ஒவ்வொன்றுக்கும் பதினாயிரம் ரூபாய் தண்டமும் விதிக்கப்பட்டது. பின்னர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்காகத் தொழிலினர் பெரும்பொருள் செலவிட்டனர். ஆயினும் பாலாற்றின் மாசு குறித்து 2025ஆம் ஆண்டு சனவரியிலும் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது.

இதில் ஒருவரை மட்டும் பழித்தல் நேர்மையாகாது. மலிவாகத் தோல் கேட்ட பிறநாட்டாரும், கண்காணிக்கத் தவறிய அலுவலரும், கூலிக்காகவும் வருவாய்க்காகவும் வாய்மூடியிருந்த நாமும் இதில் பங்குடையோம். அமர்நீதியார் வரலாற்றை மீண்டும் நினைவுகூர்க. நாடெங்கும் பரவிய பெயர் இருந்தும், நம்பி வைத்த சிறுகோவணம் காணாதபோது அப்பெயர் துணை நிற்கவில்லை. தோல் வணிகத்தில் ஆறும் கிணறும் அண்டை அயலார் நம்மிடம் நம்பி வைத்த அடைக்கலப் பொருள்கள் ஆகும். உலகம் அறிந்த பெயர் அவற்றுக்கு ஈடாகத் தட்டில் ஏறாது.

பெயருக்குப் பின்னே ஓடாமலே பெயர் பெறலாம் என்பதற்கு வெளியிற் சென்று சான்று தேட வேண்டுவதில்லை, கணியம்பாடியே சான்று. 1900ஆம் ஆண்டில் ஐடா இசுக்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய மருத்துவ மனையே இன்றைய வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி. அதன் சமூக நலத் துறையினர் பல பத்தாண்டுகளாகக் கணியம்பாடி ஒன்றியத்துச் சிற்றூர்களில் வீடுவீடாகச் சென்று, பிறப்பு இறப்புகளையும் கருவுற்ற மகளிரின் நலத்தையும் பிழையின்றிப் பதிந்து வருகின்றனர். அப்பதிவேடுகளை நம்பி ஆராய்ச்சி செய்தோரின் கட்டுரைகளால் கணியம்பாடி என்னும் பெயர் உலகெங்கும் உள்ள மருத்துவ அறிஞர் படிக்கும் ஏடுகளில் ஏறியுள்ளது. இவ்வூரார் விளம்பரம் செய்தாரல்லர். வாயிலில் வந்து கேட்ட பணியாளர்க்குத் தாய்மார் மெய்யுரைத்தனர். கேட்டவர் அதனை மெய்யாக எழுதினர். மறுமுறையும் தவறாது வந்தனர். நாள்தோறும் நிகழ்ந்த அச்சிறு நாணயமே ஊரின் பெயராயிற்று.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது இது. பெயர் வேண்டாததன்று, நந்தா விளக்கும் கல்வெட்டும் பலரும் காணும்படியே வைக்கப்பட்டன. ஆயினும் அவை காட்டியவை செய்த செயலையும் ஏற்ற பொறுப்பையும். வெற்றுப் புகழ்ச்சிக்கு அங்கு இடமில்லை. கடை திறக்கும் இளைஞர், பெயர்ப்பலகைக்கு முன்னர்ப் படிக்கல்லையும் எடைப்பொறியையும் செம்மை செய்க. வாங்க வந்தவர் மறுமுறை நிறுத்துப் பார்க்க விரும்பினால் முகஞ்சுளியாது நிறுத்துக் காட்டுக. பணியில் அமர்ந்தோர், பெரிய செயல் வரும் நாளுக்குக் காத்திராது, தம்மிடம் ஒப்படைத்த சிறுபொருளையும் சிறுசொல்லையும் கோவணம் போலக் காக்க. ஆலை நடத்துவோர், தொலைநாட்டார் தரும் சான்றிதழோடு அமையாது, அடுத்த வயலுக்கு உரியவர் தம் கிணற்று நீரைத் தம்முன் அருந்தக் கூடுமா என்பதையும் ஒரு சான்றாகக் கொள்க.

குடமுழுக்கு நிறைவேறியபின் வரவும் செலவும் அன்பர் யாவரும் காண எழுதி வைத்தல் நம் ஊர்த் திருக்கோயில்களில் வழங்கி வரும் நன்முறை. நூலின் எடையையும் கல்லில் எழுதிய முன்னோரின் வழியில் வந்த முறை அது. திருப்பணிக்கு ஒரு ரூபாய் தந்தவர் பெயரும் ஓரிலக்கம் தந்தவர் பெயரும் அங்கு ஒரே கணக்கில் நிற்கும். கோயிலில் நாம் பழகிய அம்முறை நம் கடைக்கும், ஆலைக்கும், அலுவலகத்துக்கும் செல்லுமாயின், இக்குடமுழுக்கின் பயன் நம் தொழில்களிலும் நிலைபெறும். அமர்நீதியார் ஏறிய துலையை நேர்நிறுத்திய பெருமான், நம் துலையும் கோணாது நிற்கத் திருவருள் புரிவானாக.

திருச்சிற்றம்பலம்